மக்டலின் பேசிய கசெற்

2024 ஓகஸ்ட் 17, சனிக்கிழமை. மன்னார்த் தீவின் தென்கரையில், தாழ்வுபாட்டில், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் அமிர்தநாயகத்தின் வீட்டு அலுமாரியில் இருந்த பழைய ஒலிநாடாக் கசெற் ஒன்று வெறுமையாகக் காணப்பட்டது. 1982இல் பதிவு செய்யப்பட்ட ஒரு பெண்ணின் குரல் அதில் முன்பு இருந்தது.

மறுநாள் காலை, மன்னார் நகரில் சட்டத்தரணி கனகரத்தினத்தின் கந்தோருக்கு இன்சாப் வந்தபோது அவனுக்கு இந்தச் செய்தி தெரியாது. அவனுக்கு வேறு கவலை இருந்தது. அன்றைய பத்திரிகையின் முதற்பக்கத்தில் நுஃமானின் பெயர் அச்சாகியிருந்தது. இருவரும் கொண்டச்சிக்காரர்கள், ஒரே பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர்கள். இன்சாப் அனுப்பியது ஏழாம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்கு மேலே, பெயரில்லாமல் கிடந்தது.

"கழுதையைப் பற்றி எழுதியிருக்கிறான் சேர். மன்னார் ரோட்டில படுத்துக் கிடக்கிற கழுதை. அதுக்கு முதற்பக்கம்!"

"கழுதை படத்தில வடிவா இருக்கு," என்றார் கனகரத்தினம், பத்திரிகையை இறக்காமல்.

அவர் நீதிமன்றத்துக்குப் போவதை நிறுத்திச் சில வருடங்களாகிவிட்டன. பெயர்ப்பலகையை மட்டும் கழற்றவில்லை. பொலிசுக்குப் போக விரும்பாதவர்களும், போய்ப் பயனில்லை என்று கண்டவர்களும் அந்தப் பலகையைப் பார்த்து ஏறி வருவார்கள். அவர் காசு வாங்குவதில்லை, அவசரப்படுவதுமில்லை. இன்சாப்புக்கு அந்தக் கந்தோரில் உத்தியோகம் எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு இங்கிருந்து பெரிய செய்தி ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்து உட்கார்ந்திருப்பான். அவருக்கும் மோட்டார்சைக்கிள் வைத்திருக்கும் ஒருவன் தேவைப்பட்டது.

படியேறி வந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். வெயிலில் நடந்து வந்திருந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"என்ர பேர் சுபத்திரா. ஊர் பேசாலை. கம்பசில வரலாறு படிப்பிக்கிறன், தற்காலிக விரிவுரையாளர். என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டினம் சேர்."

"இருங்கோ பிள்ளை. ஆர் சொன்னது?"

"பேராசிரியர் அமிர்தநாயகம்."

பத்திரிகை இறங்கியது. அமிர்தநாயகத்தை மன்னாரில் தெரியாதவர் இல்லை. நாற்பது வருடங்களாக இந்தக் கரையின் மனிதர்களுடைய வாழ்க்கைகளை எழுதி வந்தவர். தோளில் ரெக்கோடரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், கிழவர்களையும் கிழவிகளையும் பேச வைத்து, அந்தக் குரல்களிலிருந்து புத்தகம் செய்தவர். அவற்றில் பெரிது, ஐம்பதுகளில் மீனவர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய இராசேந்திரம் என்பவருடைய வரலாறு. அந்தப் புத்தகம்தான் அமிர்தநாயகத்துக்குப் பேராசிரியர் பதவியையும் பேரையும் கொண்டுவந்தது.

சுபத்திரா சொன்னது இதுதான். இராசேந்திரம் தன் நடுவயதில் ஒரு வருடத்துக்கு மேலாகக் காணாமற் போயிருந்தார். பொலிசுக்குப் பயந்து கடல் கடந்து இந்தியாவில் ஒளித்திருந்தார் என்று பேராசிரியரின் புத்தகம் சொல்கிறது. அதே மனிதரைப் பற்றிச் சுபத்திராவும் இப்போது ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தாள். அவருடைய தங்கை மக்டலின் அடம்பனில் இருந்தபோது பேராசிரியர் அவரிடம் பதிவு செய்த கசெற்றை, சிறிய ரெக்கோடர் ஒன்றோடு சேர்த்து, ஜூலையில் இவளுக்கு இரவல் கொடுத்தார். ஒரேயொரு நிபந்தனை: பிரதி எடுக்கக் கூடாது, போனில் பதியக் கூடாது, கேட்டு எழுதலாம்.

"நான் வாக்குத் தவறேல்ல. கையாலதான் எழுதினன். மக்டலின் அம்மா சமையலைப் பற்றிக் கதைக்கிற இடத்தில, அண்ணன் காணாமப் போன அந்த வருஷம் ஞாயிறு பூசை முடிய, சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டுபோய்ச் சூட்டுக்களத்தில அவருக்குக் குடுத்தனான் எண்டு சொல்லுறா. வயல் நடுவில நெற்கதிரைப் போட்டுச் சூடு மிதிக்கிற இடம். அவர் இந்தியாவுக்குப் போகவேயில்லை சேர். ஊரிலயிருந்து ஏழெட்டு மைல் தள்ளி, வயலுக்குள்ள கூலி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்."

"பேராசிரியர் அதை விட்டுப்போட்டாரோ?"

"அவர் கேக்கவேயில்லை. அந்த இடத்தில அவரின்ர குரல் வரும். 'அதை விடுங்கோ அக்கா, சங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கோ' எண்டு."

"அந்தக் குரலையும் உம்மட அத்தியாயத்தில எழுதினனீரோ?"

"ஓம் சேர். இருந்ததை இருந்தபடி எழுதினன்."

கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சொல்லும்," என்றார்.

திங்கட்கிழமை அவள் கசெற்றையும் ரெக்கோடரையும், எழுதி முடித்த அத்தியாயத்தையும் தாழ்வுபாட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரசாந்தனின் கையில் கொடுத்திருந்தாள். பிரசாந்தன் பேராசிரியரின் பழைய மாணவர், இப்போது அதே துறையில் மூத்த விரிவுரையாளர். விடுமுறைகளில் அந்த வீட்டிலேயே தங்கிக் கசெற்றுகளைப் பராமரிப்பவர். பேராசிரியரின் மனைவி மனோன்மணி அன்று மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் பாய், பாத்திரம் எல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் பயணப்பட்டு, திருவிழா முடிந்து வெள்ளிக்கிழமைதான் திரும்பினார். சனிக்கிழமை பேராசிரியர் கசெற்றைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இல்லாத வாக்குமூலத்தைச் சுபத்திரா இட்டுக்கட்டி, அது பிடிபடாமலிருக்கக் கசெற்றை அழித்துவிட்டாள் என்று பல்கலைக்கழகத்துக்கு முறைப்பாடு எழுதினார்.

"வாற மாதம் என்னைப் பதவியில உறுதிப்படுத்துற குழு கூடுது. இதை நிரூபிச்சா வேலை போயிரும். வேலை போனாலும் பறவாயில்லை. பிறகு நான் என்னத்தை எழுதினாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"மக்டலின் அம்மா?"

"இந்தியாவில, அகதி முகாமில செத்துப்போனா. அந்தக் குரல் அந்த ஒரு கசெற்றிலதான் இருந்தது."

*

தாழ்வுபாட்டுக்குப் போகும் வழியெல்லாம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மோட்டார்சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. இன்சாப்பின் பல்லுக்குள் மணல் கடிபட்டது. பேராசிரியரின் வீடு கடற்கரையைப் பார்த்து நின்றது. யன்னல்கள் திறந்திருந்தன. கடலின் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது; எல்லாரும் ஒரு சுற்று உரத்த குரலில்தான் பேசினார்கள், அப்படிப் பேசுகிறோம் என்று தெரியாமலே.

"வாரும் கனகரத்தினம்," என்றார் அமிர்தநாயகம். எழுபத்தைந்து கடந்தவர், நிமிர்ந்த உடம்பு. "அந்தப் பிள்ளை உம்மட்ட வந்ததாம். நல்லது. நீர் நியாயமான ஆள்."

உட்கார இடம் இருக்கவில்லை. கதிரைகளிலெல்லாம் கடதாசிக் கட்டுகள். மனோன்மணி அவற்றைத் தூக்கி நிலத்தில் வைத்தார், மெதுவாக அல்ல.

"இதெல்லாம் இராசேந்திரத்தின்ர கதிரையள்," என்றார் இன்சாப்பிடம். "நான் கலியாணம் முடிச்சு வந்த நாளிலயிருந்து இந்த வீட்டில அந்தாள்தான் பெரியாள். செத்த மனிசனோட சண்டை பிடிக்கவும் ஏலாது. இப்ப அதுக்கு மேல, பேசாலையிலயிருந்து ஒருத்தி. 'சுபத்திரா கெட்டிக்காரி, சுபத்திரா என்ன கேள்வி கேட்டாள் தெரியுமோ.' சோத்தைப் போட்டு வச்சா ஆறிப்போகும், சுபத்திரா புராணம் ஆறாது."

"மனோன்மணி, இவைக்குப் பிளேன்ரீ ஊத்தும்," என்றார் பேராசிரியர்.

இன்சாப் தன் போனை எடுத்துப் பதிவைப் போட்டு மேசையில் வைத்தான். பேராசிரியர் அதை ஒருகணம் பார்த்தார். சுட்டுவிரல் நகத்தால் அதன் தலையில் இரண்டு தரம் தட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். இன்சாப்புக்குச் சிரிப்பு வந்தது. போனைத் தட்டிப் பார்க்கும் பேராசிரியர்! இது ஒரு நல்ல குறிப்பு, நுஃமானுக்கு இப்படியெல்லாம் கண்ணில் படாது என்று நினைத்துக்கொண்டான்.

"என்ர கசெற்றில சூட்டுக்களமும் இல்லை, மீன்குழம்பும் இல்லை," என்றார் பேராசிரியர். "அந்தக் கசெற்றை எத்தனையோ தரம் கேட்ட ஆள் நான். என்னைவிட நேற்று வந்த பிள்ளைக்குக் காது கூடவோ?"

"மக்டலின் சமையலைப் பற்றிக் கதைச்சவவோ?"

"பொம்பிளையள் நூறு விஷயம் கதைப்பினம். அவையளைத் திருப்பி விஷயத்துக்குக் கொண்டுவாறதுதான் எங்கட வேலை."

உள்ளறையிலிருந்து பிரசாந்தன் கசெற்றைக் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சேர்ட். கசெற்றை இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடித்திருந்தார். மேசையில் இருந்த ரெக்கோடரில் போட்டு ஓடவிட்டார். கசெற்றின் நடுப்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். நாடா சுற்றுவது தெரிந்தது. குரல் இல்லை, இருமல் இல்லை, ஒன்றுமே இல்லை.

"பாத்தனீங்களா? வெறும் கசெற்," என்றார் பிரசாந்தன்.

கனகரத்தினம் அதை வெளியே எடுத்து முதுகுப் பக்கத்தைத் திருப்பினார். "இந்தப் பல்லு உடைஞ்சிருக்கு."

"நான் எல்லாத்தையும் உடைச்சுத்தான் வைக்கிறது," என்றார் பேராசிரியர். "உடைச்சா, ஆரும் தெரியாமல் மேல பதிஞ்சு அழிக்க ஏலாது. அந்தக் காலத்தில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"உடைஞ்ச ஓட்டைக்கு மேல செலோரேப் ஒட்டினா?"

"ஒட்டினா பதியலாம்."

கனகரத்தினம் அந்த இடத்தில் பெருவிரலை வைத்தார். விரல் சற்றே ஒட்டி விடுபட்டது. செலோரேப் இப்போது அங்கே இல்லை, பசை இருந்தது.

"தம்பி பிரசாந்தன், திங்கட்கிழமை சுபத்திரா தந்ததை நீர் போட்டுக் கேட்டனீரோ?"

"இல்லை. வாங்கி அலுமாரியில வச்சனான். கேக்கிறதுக்கு எனக்கு உத்தரவில்லை." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தாமதித்தார். "பதினாலு வருஷமா இந்தக் கசெற்றுகளைத் துடைச்சு, பூஞ்சணம் பிடிக்காமல் பாக்கிறன். ஒண்டையாவது வீட்டுக்குக் கொண்டுபோறன் எண்டு கேட்டதில்லை. சுபத்திராவுக்கு இஞ்ச வந்து இரண்டு மாதத்தில கிடைச்சது."

"கேட்டிருந்தா தந்திருப்பாரோ?"

பிரசாந்தன் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கடலைப் பார்த்தார்.

"இதை ஒரு நாளைக்கு நான் கொண்டுபோகலாமோ? ரெக்கோடரையும்," என்றார் கனகரத்தினம்.

"கொண்டுபோம். அதில என்ன இருக்கு? வெறுமைதானே."

*

"பச்சையாப் பிரசாந்தன்ட வேலை சேர்," என்று இன்சாப் காற்றுக்கு மேலாகக் கத்தினான். "அந்தாள்ட முகத்தைப் பாத்தீங்களா? வயிறு எரியுது. பதினாலு வருஷம் துடைச்சவன் ஒருத்தன், தூக்கிக்கொண்டுபோனவள் ஒருத்தி. எனக்கு விளங்கும் சேர் அந்த எரிச்சல்."

"உமக்கு விளங்கும் எண்டு எனக்குத் தெரியும். பேசாலைக்கு விடும்."

சுபத்திராவின் வீடு வடகரையில், மீன் காயப்போட்டிருக்கும் பரண்களுக்குப் பின்னால் இருந்தது. காற்று இங்கேயும் அடித்தது. ஆனால் தரையிலிருந்து கடலை நோக்கி. மக்டலினின் குரலை அவள் ஜூலை முழுவதும் கேட்ட மேசை முன்னறையில் கிடந்தது. கனகரத்தினம் ரெக்கோடரை அதே மேசையில் வைத்து, கசெற்றை ஆரம்பம் வரைக்கும் பின்னால் சுற்றி, ஓடவிட்டார்.

டொக், டொக்.

இன்சாப் கதவைத் திரும்பிப் பார்த்தான். வாசலில் ஒருவரும் இல்லை.

அதோடு கடல் இரைந்தது. நீண்ட, கனத்த இரைச்சல். ஒரு அலை உடைந்து முடியுமுன் அடுத்தது. "இஞ்சயும் கடல் சரியான இரைச்சல்தான்," என்றான் இன்சாப்.

சுபத்திரா அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "இஞ்சயோ? வெளிய போய்ப் பாருங்கோ."

போனான். கடற்கரையில் வள்ளங்கள் வரிசையாக நின்றன. இரண்டு பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். கடல் கிணற்றுத் தண்ணீர்போல் கிடந்தது. கரையில் நாக்கால் நக்குவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்துக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் இது மாறும். அதனால்தான் மன்னாரின் மீனவர்கள் காற்றோடு சேர்ந்து கரை மாறுகிறார்கள். கொண்டச்சியில் பிறந்த இன்சாப்புக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் உள்ளே ஓடி வந்தான்.

"சேர், அந்தக் கடல் கசெற்றுக்குள்ள இருக்கு!"

"இருக்கு," என்றார் கனகரத்தினம். கசெற்றை மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றினார். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தரமும். பிறகு நிறுத்தினார்.

"பழைய பதிவில மிஞ்சின சத்தமா இருக்குமோ?" என்று கேட்டான் இன்சாப்.

"மக்டலினைப் பதிஞ்சது அடம்பனில. நான் பிறந்த ஊர். அங்க நிண்டா தவளைச் சத்தம் கேக்கும், கடல் கேக்காது." அவர் எழுந்தார். "நாளைக்கு எல்லாரையும் கந்தோருக்கு வரச்சொல்லும். பேராசிரியரின்ர பழைய கசெற்றுகளில நாலைஞ்சையும் கொண்டுவரட்டும். எது எண்டாலும் சரி."

*

மனோன்மணி ஒரு சந்தைப் பையில் கசெற்றுகளைச் சுமந்து வந்தார். பிரசாந்தன் வாசலுக்குக் கிட்ட உட்கார்ந்தார். சுபத்திரா அவருக்கு நேர் எதிரே. பேராசிரியர் மேசையை ஒட்டியிருந்த பெரிய கதிரையில், ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவரைப்போல. யன்னலுக்கு வெளியே களப்பு, அசையாத உப்புத் தண்ணீர். கந்தோர் அமைதியாக இருந்தது.

"இது தவறுதலா அழிஞ்சதில்லை," என்று கனகரத்தினம் தொடங்கினார். "கசெற்றின்ர பல்லு உடைஞ்சிருக்கு. ஓட்டையை மூடினாத்தான் பதிய ஏலும். ஆரோ செலோரேப் ஒட்டி, வேலை முடிய உரிச்சிருக்கினம். பசை இன்னும் இருக்கு. செய்தவருக்கு என்ன செய்யிறம் எண்டு தெரியும்."

"அதைத்தானே நானும் எழுதினன்," என்றார் பேராசிரியர்.

"ஓம். இனி அந்த வெறுமையைக் கேப்பம்."

அவர் கசெற்றின் நடுப்பகுதியை ஓடவிட்டார். அறைக்குள் கடல் வந்து விழுந்தது. பேராசிரியரின் கை கதிரையின் பிடியில் நின்றது.

மனோன்மணிதான் முதலில் பேசினார். "இது எங்கட வீட்டுக் கடலெல்லோ!"

"அப்படித்தான் எனக்கும் படுது அக்கா. இந்த ரெக்கோடருக்குள்ளேயே மைக் இருக்கு. பதியிற விசையை அமத்தி, பேசாமல் இருந்தா, பழைய குரல் அழியும். ஆனா அந்த இடத்திலயிருக்கிற சத்தம் அதுக்கு மேல ஏறும். தாழ்வுபாட்டில நாங்கள் இதைக் கேட்டனாங்கள். ஒண்டும் இல்லை எண்டு நினைச்சனாங்கள். ஏனெண்டா அதே சத்தம் எங்கட காதில ஏற்கெனவே இருந்தது. அந்த வீட்டில இருக்கிறவைக்கு அந்தக் கடல் சத்தமே இல்லை, அதுதான் அமைதி. அழிச்ச ஆளும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறார். பேசாலையில போட்டவுடன கடல் கேட்டது. இந்த மாதத்தில பேசாலைக் கடல் இரையாது."

இன்சாப் பிரசாந்தனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரசாந்தன் முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் தடுமாறவில்லை.

"ஒரு கேள்வி. தென்கரை முழுக்க இந்தச் சத்தம்தான். சுபத்திரா ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து, எங்கயாவது ஒரு கரையில இருந்து அழிச்சிருக்கலாம்தானே?"

"நல்ல கேள்வி," என்றார் கனகரத்தினம். அந்தக் கேள்வி தனக்கு வராமற்போனதில் இன்சாப்புக்குச் சிறு வருத்தம். "கடல் ஆரையும் காட்டிக்குடுக்காது. அக்கா மடுவில இருந்தவ, அவவை விடுவம். மிச்சம் மூண்டு பேர். தம்பி, அந்தப் பையிலயிருந்து ஏதாவது ஒரு கசெற் எடும். நீரே தெரிஞ்செடும். ஆரம்பத்திலயிருந்து போடும்."

பிரசாந்தன் ஒன்றை எடுத்தார். டொக், டொக். பிறகு பேராசிரியரின் இளமைக்காலக் குரல்: "சொல்லுங்கோ ஐயா, உங்கட தகப்பனார் எந்த வருஷம் சிலாபத்துறைக்கு வந்தவர்?"

"இன்னொண்டு."

டொக், டொக். "அம்மா, கொஞ்சம் கிட்ட வாங்கோ..."

"இன்னொண்டு."

மூன்றாவதிலும் அதே நகம், அதே இரண்டு தட்டு. பிரசாந்தனின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. இன்சாப் துள்ளி எழுந்து தன் போனைத் தட்டினான். ஞாயிற்றுக்கிழமைப் பதிவு ஓடியது. கடல், கதிரை இழுபடும் சத்தம், டொக், டொக், தொண்டைச் செருமல். அதைக் கேட்டு முடித்தபோதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. போனை மெதுவாகக் கீழே வைத்தான்.

கனகரத்தினம் அழிந்த கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் போட்டார்.

டொக், டொக். தட்டுக்கு அடியிலும் கடல்.

"இது அடம்பன் பதிவில மிஞ்சின தட்டு இல்லை," என்றார். "தட்டுக்கு முன்னமே கடல் இரையத் தொடங்கியிட்டுது. காதைக் குடுத்தா விளங்கும். அழிக்க எண்டு விசையை அமத்தினவர்தான் தட்டினவர். பேச ஒருத்தரும் இல்லை, தட்டத் தேவையில்லை. ஆனா நாற்பது வருஷமா விசையை அமத்தின கை, அமத்தினா அடுத்ததா மைக்கைத் தட்டும். அது யோசிச்சுச் செய்யிறதில்லை."

"ஆரும் சேரைப்போலத் தட்டி அவரை மாட்டிவிட்டிருக்கலாம்," என்றார் பிரசாந்தன். அவருடைய குரல் இப்போது கெஞ்சுவதுபோல இருந்தது.

"மாட்ட நினைக்கிறவர், கேக்கிற இடத்தில சாட்சியை வைப்பார் தம்பி. வெறும் கசெற்றை ஆர் கேக்கப்போறார்?"

அமிர்தநாயகம் தன் வலது சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை," என்றார் கடைசியில். "பிரசாந்தன் மன்னார் ரவுணுக்குப் போயிருந்தவன். அத்தியாயத்தை வாசிச்சு முடிச்சன். நல்ல எழுத்து. நான் அப்பிடி எழுதினதில்லை."

"சேர்..." என்றார் பிரசாந்தன்.

"நீர் பேசாமல் இரும். பதினாலு வருஷத்தில நீர் ஒரு நாளும் நான் சொன்னதுக்கு மறுப்புச் சொன்னதில்லை. அதாலதான் உம்மை எனக்குப் பிடிக்கும். அதாலதான் உமக்கு ஒண்டும் தரேல்ல." அவர் சுபத்திராவின் பக்கம் திரும்பவில்லை. "அந்தக் கசெற்றை எத்தனை தரம் போட்டிருப்பன்! ஒவ்வொரு தரமும் என்ர கேள்வியளைத்தான் கேட்டன். எவ்வளவு கெட்டித்தனமாக் கேட்டிருக்கிறன் எண்டு. இந்தப் பிள்ளை போய் மறுமொழியைக் கேட்டிருக்கு."

மனோன்மணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். "நான் என்ன நினைச்சன் தெரியுமோ? இந்த வயசில உங்களுக்கு அந்தப் பிள்ளையில ஆசை எண்டு. மடுவில மாதாவிட்ட அழுது கேட்டனான், இந்த மனிசன்ர மனத்திலயிருந்து அவளை எடுத்துவிடு தாயே எண்டு. பொறாமை எண்டு ஆரும் சொல்லியிருந்தா வேற வேண்டுதல் வச்சிருப்பன்."

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. சுபத்திரா அன்று முதற்தடவையாக வாய் திறந்தாள்.

"சேர், அழிக்க முன்னம் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டனீங்களா?"

யன்னலுக்கு வெளியே ஒரு கழுதை வேலியை உரசிக்கொண்டு போனது.

"கேட்டன்."

"சூட்டுக்களம்?"

"இருந்தது. மீன்குழம்பும் இருந்தது. நீர் எழுதினபடியேதான் இருந்தது. 'அதை விடுங்கோ அக்கா' எண்டு நான் சொன்ன பிறகும் மனிசி விடேல்ல. குழம்புக்கு என்ன மீன் எண்டு சொல்லுறா. சொல்லி முடிச்சுப்போட்டுத்தான் சங்கத்துக்கு வாறா." அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "அதைக் கேட்ட பிறகுதான் செலோரேப்பை எடுத்தன்."

சுபத்திரா எழுந்து யன்னலடிக்குப் போனாள். அழுகிறாள் என்று இன்சாப் நினைத்தான்; அழவில்லை. திரும்பியபோது அவளுடைய முகத்தில் கோபம்தான் இருந்தது.

"என்னில கோபமெண்டா என்னை என்னவாவது செய்திருக்கலாம். என்ர அத்தியாயத்தைக் கிழிச்சிருக்கலாம். அந்த மனிசியை ஏன் சேர் அழிச்சனீங்கள்?"

அமிர்தநாயகம் ரெக்கோடரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கனகரத்தினம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். "நான் பொலிசில்லை. பல்கலைக்கழகமும் இல்லை. இன்சாப் இதைப் பத்திரிகைக்கு எழுதமாட்டான்."

இன்சாப் நிமிர்ந்து பார்த்தான். முதற்பக்கம் அவன் கண்ணெதிரே நின்றது: நாலு பத்தித் தலைப்பு, பேராசிரியரின் படம், கீழே தன் பெயர். நுஃமான் அதைத் தேநீர்க் கடையில் விரித்து வாசிக்கும் காட்சி. மனோன்மணி சந்தைப் பைக்குள் கசெற்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எழுதமாட்டன்," என்றான்.

"ஆனா சுபத்திரா பிள்ளை குழுவுக்கு முன்னால கள்ளியா நிக்க நான் விடமாட்டன்," என்று கனகரத்தினம் தொடர்ந்தார். "இஞ்ச சொன்னதை நீங்களே எழுதித் தந்தா, என்ர வேலை முடிஞ்சுது. தராட்டி, இந்தக் கசெற்றோட நான் குழுவுக்கு முன்னால வருவன்."

"என்னத்தை எழுத?"

"மக்டலின் சொன்னதை. அவ சொன்னதைக் கேட்ட ஆக்கள் உலகத்தில இப்ப இரண்டு பேர்தான். ஒருத்தர் சொல்லியிட்டா."

பேராசிரியர் பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றவே அவருக்கு நேரம் எடுத்தது. பிரசாந்தன் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், படியிறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை கேட்டது. பேராசிரியர் தலை நிமிராமல் எழுதினார். இடையில் ஒருதரம் நிறுத்தி, "திரளி மீன்," என்றார், யாரையும் பாராமல். "குழம்புக்குத் திரளி எண்டு சொன்னவ."

"ஓம் சேர்," என்றாள் சுபத்திரா. "திரளி."

குழு செப்டெம்பரில் கூடியது. பேராசிரியர் அமிர்தநாயகத்தின் கடிதம் வாசிக்கப்பட்டது, முறைப்பாடு நீக்கப்பட்டது. சுபத்திராவின் பதவி உறுதிப்படுத்தப்பட்டது. அந்த வருட முடிவில் பேராசிரியர் தன் கசெற்றுகள் எல்லாவற்றையும் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார். அவற்றுக்குப் பொறுப்பாகச் சுபத்திரா நியமிக்கப்பட்டாள். பிரசாந்தன் வேறு துறைக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பித்தார். மாற்றம் கிடைத்தது.